இருபத்தாறாவது குண்டு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் திரு. ரிச்சர்ட், மேசையின் தலைப்பக்கம், கைவைத்த நாற்காலியில். செயலாளர் திரு. ஞானதாஸ், அவருக்கு வலப்பக்கம், கை இல்லாத நாற்காலியில். குறிப்பெழுதும் திரு. மஞ்சுநாத், இடப்பக்கம், கால் ஆடுகிற நாற்காலியில். ஆடுகிற காலுக்கு அடியில் சங்கத்தின் பழைய விதிப்புத்தகம். தசரதனின் பிஸ்டல், மேசை நடுவில், பச்சை விரிப்பின் மேல், மின்விசிறிக்கு நேர் கீழே. தசரதன், கதவோரம், ஸ்டூலில்.

இரண்டாயிரமாவது ஆண்டு, பிப்ரவரி மாதத்து இரண்டாம் ஞாயிறு. ஊரிகம் இலக்குச் சுடுவோர் சங்கத்தின் அவசரக் கூட்டம். தசரதன் அவசரம் என்று எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தசரதனுக்கு நாற்பத்தெட்டு வயது. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டர்னர். கடைசல் இயந்திரத்தில் ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த விரலை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாகச் சங்கத்தின் காற்றுத் துப்பாக்கியில் சுட்டு வந்தார். மாநிலப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கியதால், வெளிநாட்டிலிருந்து ஒரு பிஸ்டல் தருவித்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. இத்தாலியில் செய்தது. வந்து ஏழு மாதம். ஒரு குண்டுகூட அதிலிருந்து போகவில்லை.

ஏப்ரலில் பெங்களூரில் மாநிலப் போட்டி. சொந்தப் பிஸ்டலில் ஒரே ஒரு தடவை அந்த வரிசையில் நின்று சுட வேண்டும் என்பதுதான் தசரதனுக்கு இருந்த ஆசை. வலது கண்ணில் புரை ஆரம்பித்திருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த ஏப்ரலில் குறி தெரியுமா என்பது நிச்சயமில்லை. போட்டிக்குப் பெயர் அனுப்ப இரண்டு காகிதம் வேண்டும். சங்கத்தார் முன்னிலையில் முப்பது குண்டு சுட்டு, முந்நூறுக்குக் குறைந்தது இருநூற்று ஐம்பத்தைந்து எடுத்ததாகச் சான்று ஒன்று. புது ஆயுதம் எப்படி இருக்கிறது என்று உரிமையாளர் எழுதித் தரும் அபிப்பிராயம் ஒன்று. இரண்டும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் பெங்களூர் போய்ச் சேர வேண்டும்.

"இதுல எத்தினி தோட்டா போவும்?" என்றார் ரிச்சர்ட்.

"அஞ்சு சார்."

"ஒண்ணு வெடிச்சா?"

"அடுத்தது தானா மேல ஏறிக்கும் சார். மறுபடி விசைய இழுத்தா அது வெடிக்கும்."

ஞானதாஸ் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் பாறைக்கு வெடி வைத்து ஓய்வு பெற்றவர் அவர். "தானான்னா? யார் சொல்லி ஏறுது?"

"யாரும் சொல்ல வேணாம் சார். ஸ்பிரிங் கீது."

"ஸ்பிரிங்குக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?"

அது கேள்விதானா என்று தசரதனுக்கு விளங்கவில்லை. மஞ்சுநாத் எழுதிக்கொண்டார்: 'ஸ்பிரிங்கின் நடவடிக்கை சங்கத்தின் அனுமதி பெறாதது என்று உறுப்பினர் ஒப்புக்கொண்டார்.'

ரிச்சர்ட் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பேச்சு பத்து நிமிடத்துக்குக் குறையாது. "ஜென்டில்மென், இந்தச் சங்கத்துக்கு அறுபத்திரண்டு வருஷம். இந்த அறுபத்திரண்டு வருஷத்துல ஒரு குண்டு வழிதவறிப் போனதுண்டா? கெடயாது. ஒரு ஆளுக்குக் கீறல் உண்டா? கெடயாது. காரணம் இன்னா? கட்டுப்பாடு. காத்துத் துப்பாக்கிய வுட்டா, கடைசி நாலு வருஷத்துல நாம ஒரு தோட்டாகூட சுடல. இந்த ரெக்கார்டு இந்தியாவுல எந்தச் சங்கத்துக்குக் கீது? இப்படிப்பட்ட எடத்துல ஒரு ஆயுதம் வந்து, தானா ஏறுவேன், தானா எறங்குவேன்னா, நாம எதுக்கு ஒக்காந்துனு கீறோம்?"

கைதட்டல் எழுந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் தட்டினார்கள், மூன்றாமவர் பேசியவர்.

சுடுவது எப்படி என்று ஞானதாஸ் அன்றைக்கே வகுத்துக் கொடுத்தார். பாறைக்கு வெடி வைக்கிற முறைதான். அவருக்கு வேறு முறை தெரியாது. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். தோட்டா ஒவ்வொன்றாகத்தான் கொடுக்கப்படும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னால் சங்கு ஊத வேண்டும். சுட்ட பிறகு முப்பது நிமிடம் யாரும் அசையக் கூடாது. அப்புறம் போய்க் குறி அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

"எதுக்கு சார் முப்பது நிமிஷம்?" என்றார் தசரதன்.

"புகை அடங்க."

"வெட்டவெளி சார் அது. அது வுடற புகை பீடிப் புகைகூட இருக்காது."

"தசரதா, முப்பத்தொரு வருஷம் வெடி வெச்சிருக்கேன். புகை அடங்கறதுக்கு முன்ன ஒரு நாயக்கூட உள்ள வுட்டதில்ல. உனுக்காக இப்ப மாத்தணுமா?"

மஞ்சுநாத் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஞாயிறு ஒன்றுக்குப் பத்துக் குண்டு, மூன்று ஞாயிறு. "நோடி தசரதன், மார்ச்சுக்குள்ள ஆயிபுடுது. சும்னே ஏன் யோசனை பண்றீங்க?" என்றார் ஆறுதலாக, தன் கன்னடம் கலந்த தமிழில்.

புறப்படும்போது அபிப்பிராயப் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். முப்பத்தெட்டுக் கேள்விகள். சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷினுக்கு வைத்திருந்த பழைய படிவம் அது. 'டிரில்' என்ற இடங்களில் எல்லாம் கோடு போட்டு மேலே 'பிஸ்டல்' என்று தட்டச்சு செய்திருந்தது. ஒரு ஷிப்டில் எத்தனை அடி துளைத்தது? தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா? எண்ணெய் எத்தனை லிட்டர்? இயக்குபவருக்கு இருமல் உண்டா?

தசரதன் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். எத்தனை அடி என்ற கேள்வியை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தார். அட்டையின் கனம் அரை மில்லிமீட்டர். முப்பது குண்டும் அட்டையில் பட்டால் பதினைந்து மில்லிமீட்டர். அதை அடியாக மாற்றிப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டார்.

"இன்னாங்க அது?" என்றாள் மனைவி கங்கம்மா.

"துப்பாக்கி எப்டி கீதுன்னு கேக்கறாங்க."

"எப்டி கீது?"

"சுட்டாத்தான தெரியும்."

சங்கு ஊதுவதற்குச் சங்கத்திடம் சங்கு இல்லை. சுடுமிடமான ரேஞ்சுக்குப் பக்கத்தில், இயக்கம் நின்றுபோன, சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாப்ட் ஒன்று இருந்தது. அதன் இரும்புக் கோபுரத்தில் பெரிய சங்கு ஒன்று இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த இடத்திலிருந்த பழைய மில் கொட்டகையைப் பிரித்து இரும்பை எடுத்துப் போக ஒரு கான்ட்ராக்டர் குத்தகை எடுத்திருந்தார். சங்கும் அவர் பொறுப்பில்தான். ரிச்சர்ட் போய்க் கேட்டதும் சந்தோஷமாகக் கொடுத்தார். சங்குக் காவல்காரர் நேசமணியிடம் ஒரு பதிவேடு தரப்பட்டது. நேரம், ஊதியவர், காரணம் என்று மூன்று கட்டம். ரேஞ்சிலிருந்து ஞானதாஸ் சிவப்புக் கொடி ஆட்டுவார், நேசமணி ஊதுவார், எழுதுவார்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் ஷிப்டு நேரம் இல்லாத நேரத்தில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம். யாரோ அடிபட்டுவிட்டார்கள். தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்டு வாய்க்கு ஓடி வருவார்கள். அந்தப் பழக்கத்துக்கு நூறு வயது.

முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஞானதாஸ் கொடி ஆட்டினார். சங்கு ஊதியது. "ஃபயர்!" தசரதன் கையை உயர்த்தினார். எதிரே, தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டின் வெள்ளைச் சரிவு; அதற்கு முன்னால் அட்டை. விசை, தண்ணீரில் விரல் வைத்த மாதிரி போயிற்று. ஏழு மாதம் காத்திருந்ததற்கு அந்த ஒரு நொடி போதும் என்றுகூட இருந்தது. பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு முப்பது நிமிடத்துக்கு உட்கார்ந்தார்.

ஐந்தாவது நிமிடத்தில் மேட்டுப் பாதையில் பெண்கள் வந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். சிலர் காலில் செருப்பு இல்லை. சிலர் கையில் குழந்தை. ஒருத்தி வழியிலேயே அழ ஆரம்பித்திருந்தாள், யாருக்காக என்று தெரியாமல். அந்தக் கூட்டத்தில் கங்கம்மாவும் இருந்தாள், கையில் தோசைத் திருப்பியோடு. இந்தச் சங்கு அவள் புருஷன் சுடுவதற்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் நிற்கவில்லை.

"யாருக்கு? யாருக்கு இன்னா ஆச்சு?"

ரிச்சர்ட் ஒரு கல்மேல் ஏறி நின்றார். "தாய்மார்களே! யாருக்கும் ஒண்ணும் ஆவல. இது விளையாட்டு. இங்க கீற ஒரே ஆபத்து இந்தத் துப்பாக்கிதான். அதுவும் எங்க கட்டுப்பாட்டுல கீது. நீங்க இப்டி பதட்டப்படறது சுடறவர் கைய நடுங்க வெக்கும். தயவு செஞ்சி போயி சமையலப் பாருங்க."

"ஒரு தோட்டாவுக்கு ஊரே ஓடியாரணுமா?" என்றாள் கங்கம்மா, தசரதனைப் பார்த்து. அவர் அசையக் கூடாத நேரம் அது. கண்ணால் மட்டும் பதில் சொன்னார்.

இரண்டாவது சங்குக்கு முப்பது பேர் வந்தார்கள். மூன்றாவதுக்குப் பன்னிரண்டு. அன்றைக்குப் பத்தாவது சங்கு ஊதியபோது ஒரே ஒரு கிழவி வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். வாரத்தின் நடுவில் லைன் சுவர்களில் சங்கத்தின் நோட்டீஸ் ஒட்டப்பட்டது: 'ஞாயிறு காலை சங்கு கேட்டால் யாரும் ஓடி வர வேண்டாம். அது தசரதன்.'

இரண்டாவது ஞாயிறு பத்துச் சங்குக்கும் ஒருவரும் வரவில்லை. மஞ்சுநாத் குறிப்பேட்டில் எழுதினார்: 'பொதுமக்களின் பதற்றம் சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் முற்றிலுமாக ஒழிக்கப்பட்டது.' ரிச்சர்ட் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். தசரதன் எடுத்திருந்தது இருநூறுக்கு நூற்றெண்பத்து மூன்று. அதைக் குறிப்பேட்டில் ஏற்ற மறந்துவிட்டு, அப்புறம் இடுக்கில் எழுதினார்கள்.

நேசமணியும் சுறுசுறுப்பான ஆள். மூன்றாவது ஞாயிறு காலையிலேயே பதிவேட்டில் பத்து வரியிலும் 'ஊதியவர்: நேசமணி, காரணம்: கிளப்' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டார். நேரம் மட்டும்தான் பாக்கி.

அன்று இருபத்தைந்தாவது குண்டுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. பத்தரை மணிக்கு டீ வந்தது. ஞானதாஸ் கொடியைக் கல் இடுக்கில் சொருகிவிட்டு டம்ளரை எடுத்தார். இருபத்தாறாவது தோட்டாவைத் தசரதன் வாங்கிப் போட்டிருந்தார், உத்தரவுக்குக் காத்திருந்தார். பத்து நாற்பதுக்குச் சங்கு ஊதியது.

யாரும் கொடி ஆட்டவில்லை. யாரும் 'ஃபயர்' சொல்லவில்லை. தசரதன் சுடவில்லை.

"சார், நாம ஊதச் சொல்லலியே," என்றார்.

ஞானதாஸ் டம்ளரோடு கடிகாரத்தைப் பார்த்தார். "சங்கு ஊதிச்சா இல்லியா?"

"ஊதிச்சு சார். ஆனா நான் சுடல."

"ஊதிச்சின்னா முப்பது நிமிஷம். ஒக்காரு. அசையாத."

உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மில் கொட்டகைப் பக்கம் புழுதி அடங்காமல் நிற்பது தெரிந்தது. அப்புறம் நான்கு பேர் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். தகரத்தின் மேல் ஏதோ இருந்தது.

"யாரோ தகரம் எடுத்தினு போறாங்க," என்றார் மஞ்சுநாத்.

"பழைய இரும்பு," என்றார் ரிச்சர்ட்.

தசரதன் எழுந்தார். ஞானதாஸ் கையைக் காட்டினார். இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. தசரதன் உட்கார்ந்தார். பிற்பாடு அவர் எத்தனையோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். ஏன் உட்கார்ந்தோம் என்பதற்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

முப்பது நிமிடம் முடிந்ததும் ஞானதாஸ் போய் அட்டையைப் பார்த்தார். துளை இல்லை. பதிவேட்டில் ஏற்றினார்: 'இருபத்தாறாவது குண்டு: பூஜ்யம்.' துப்பாக்கியில் இருந்த தோட்டாவை வெளியே எடுக்கச் சொன்னார். வெடிக்காத வெடிக்கு உண்டான முறைப்படி அதை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டு, பழைய குழி ஒன்றில் கொட்டச் செய்தார். பிறகு இருபத்தேழு முதல் முப்பதுவரை சுடப்பட்டன. ஆகப் பத்துச் சங்கு, பத்து வரி. நேசமணியின் பதிவேடும் சங்கத்தின் பதிவேடும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. தசரதன் இருபத்தொன்பது குண்டில் இருநூற்று அறுபத்து மூன்று எடுத்திருந்தார். பூஜ்யத்தோடேயே தேறிவிட்டார்.

தகரத்தின் மேல் கிடந்தது ஏனோக். நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர், கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. கொட்டகையின் உத்தரம் சரிந்து இடது கால்மேல் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு பொடிப்பொடியாகியிருந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பெங்களூருக்குக் கொண்டுபோனால் காலைக் காப்பாற்றலாம், பத்து நாளுக்குள் போக வேண்டும் என்றார் டாக்டர். வேலை இடத்தில் அடிபட்டது என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தால் தொழிலாளர் காப்பீட்டில் அனுப்புவார்கள். கான்ட்ராக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வேலையே கிடையாது, அந்த ஆள் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்திருப்பான் என்றார்.

"அப்ப சங்கு ஏன் ஊதிச்சு?" என்று கேட்டார் கோலாரிலிருந்து வந்த தொழிலாளர் நல அதிகாரி. கான்ட்ராக்டர் நேசமணியின் பதிவேட்டை எடுத்து நீட்டினார். பத்து நாற்பது; காரணம்: கிளப்.

தசரதன் நேசமணியைப் போய்ப் பார்த்தார். நேசமணி கோபுரத்தின் அடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"நேசண்ணா, பத்து நாப்பதுக்கு யாரு ஊதச் சொன்னது?"

"கொட்டாயிலேருந்து கத்தினாங்க. ஊதினேன்."

"அத அந்த ஆபீசர்கிட்ட சொல்றது?"

"புக்குல கிளப்புன்னு கீதே."

"நீ காலையிலியே எழுதி வெச்சது அது."

"எழுதினது எழுதினதுதான் தசரதா. எனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இந்த வேல வேணும்." நேசமணி பீடியைக் கையால் மறைத்துக்கொண்டார். "நீதான் சுட்டன்னு வெச்சிக்கயேன். உனுக்கு இன்னா போவுது?"

வியாழக்கிழமை மாலை மறுபடி கூட்டம். அதே மேசை, அதே நாற்காலிகள். இந்தத் தடவை தசரதனுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். டீயும் வந்தது. சான்றுக் காகிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. முப்பது குண்டும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேரமும் மதிப்பெண்ணும். கீழே, 'மேற்கண்ட முப்பதும் என்னால் சுடப்பட்டவை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே தசரதன் கையெழுத்துக்கு இடம்.

"இருபத்தாறு நான் சுடல சார்," என்றார் தசரதன்.

"நீ சுட்டன்னு யார் சொன்னது?" என்றார் ஞானதாஸ். "சங்கு ஊதிச்சின்னா வெடி வெச்சாச்சு. வெடிக்கலன்னா மிஸ்ஃபயர். மிஸ்ஃபயரும் வெடிதான். அதுக்குத்தான் பூஜ்யம் போட்டுக் கீது. சுட்டிருந்தா பத்து போட்டிருப்பேனே?"

"அப்ப இன்னொரு குண்டு சுட வுடுங்க சார். முப்பது சரியாயிடும்."

"அப்ப சங்கு முப்பத்தொண்ணு ஆயிடும்," என்றார் மஞ்சுநாத். "ரூல்ல முப்பதுதானே கீது. மத்தே, தபால் நாளக்கழிச்சி போவணும்."

"பத்து நாப்பது சங்கு ஏனோக்குக்கு ஊதினது சார்."

ரிச்சர்ட் எழுந்தார். குரலில் இன்றைக்கு அன்பு கூடியிருந்தது. "தசரதன், ஏனோக்குக்காக நம்ம சங்கமே வருத்தப்படுது. குறிப்புல ஏத்தியாச்சு. ஆனா யோசன பண்ணிப் பாரு. அந்தச் சங்கு நம்முது இல்லன்னா, நம்ம கண்ட்ரோல்ல இல்லாத ஒரு சங்கு நம்ம ரேஞ்சுல ஊதியிருக்குன்னு ஆவுது. அது ஊதறப்ப நாம முப்பது நிமிஷம் சும்மா ஒக்காந்திருந்தோம்னு ஆவுது. ஒரு மனுசன் நசுங்கிக் கெடந்தப்ப, ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு குறிப்பெழுதறவரு டீ குடிச்சிக்னு இருந்தாங்கன்னு ஆவுது. அறுபத்திரண்டு வருஷத்து ரெக்கார்டுல அத எந்தப் பக்கத்துல எழுதறது? அதுக்கு எங்ககிட்ட கட்டம் கெடயாது. பூஜ்யத்துக்குக் கட்டம் கீது."

எல்லாரும் தலையாட்டினார்கள். தசரதனுக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. கை மட்டும் மேசை ஓரத்தைத் தடவிப் பார்த்து, அது அரை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று சொன்னது.

"பெங்களூர் போறியா, வேணாமா?" என்றார் ஞானதாஸ். "கையெழுத்துப் போடலன்னா சான்று இல்ல. சான்று இல்லன்னா நீ பயிற்சியில இல்லாத ஆளு. பயிற்சியில இல்லாத ஆளுக்கு எதுக்கு லைசென்சு? நான் சொல்லல. ரூல் சொல்லுது."

தசரதன் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிஸ்டல் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. திறந்து எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி வைத்தார். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார். எட்டு மணிநேரமும் ஒரே மாதிரி உருளைகளைக் கடைந்தார். எதுவும் பிசகவில்லை.

வெள்ளி மாலை மரியகுழந்தை வந்தாள். ஏனோக்கின் மனைவி. உட்காரச் சொன்னாள் கங்கம்மா, அவள் உட்காரவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். ஆறாவது சங்கு உங்களுதா?"

தசரதன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் குழாயடியில துணி அலசினு இருந்தேன். ஒவ்வொண்ணா எண்ணினு இருந்தேன், பத்து முடிஞ்சா சோறு வெக்கலாம்னு. ஆறுன்னு எண்ணினேன். எண்ணிட்டு மறுபடி துணியப் புழிஞ்சேன். அவரு கொட்டாயில கெடக்கறாரு, நான் ஆறுன்னு எண்ணினு கீறேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "முன்னல்லாம் ஒரு சங்குக்கே ஓடுவேன். எங்கப்பாவுக்கு ஓடினேன், எங்கண்ணனுக்கு ஓடினேன். இவுருக்கு ஓடல. அது உங்களுதுன்னா சொல்லிடுங்க. அப்பால நான் யாரயும் கேக்கல, யார்கிட்டயும் போவல."

"என்னுது இல்லம்மா."

"நெசமா?"

"நான் சுடல."

மரியகுழந்தை வாசற்படியிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப அத எழுதிக் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கங்கம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "எழுதினா பெங்களூர் இல்ல?"

"இல்ல."

"துப்பாக்கி?"

"அதுவும் போவும்."



சனிக்கிழமை தசரதனுக்கு மதிய ஷிப்டு. காலை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு, கோடு போட்ட தாளும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரிகம் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபடி வலது மேல் மூலையில் இடமும் தேதியும். இடப்பக்கம் ஓரம் விட்டுக் கோடு. சங்கத்தின் சான்றைக் கையெழுத்துப் போடாமல் எதிரே வைத்துக்கொண்டார், நேரங்களைப் பார்த்து எழுதுவதற்காக. இரண்டு தடவை வரைவு எழுதிப் பார்த்தார். மூன்றாவது தடவை எழுதியது இது.

'தொழிலாளர் நல அதிகாரி அவர்களுக்கு, கோலார்.

ஐயா,

மார்ச் மாதம் பத்தொன்பதாம் தேதி ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு ஊரிகத்தில் ஊதிய சங்கு நான் சுடுவதற்காக ஊதப்பட்டதென்று பதிவேடுகளில் இருக்கிறது. அது சரியல்ல. அந்தச் சமயம் கொடி ஆட்டப்படவில்லை. எனக்கு உத்தரவு தரப்படவில்லை. நான் சுடவில்லை. அதன்பின் சில நிமிடத்தில் மில் கொட்டகைமேல் புழுதி நின்றதையும், நான்கு பேர் ஒருவரைத் தகரத்தில் தூக்கிச் சென்றதையும் நான் பார்த்தேன். பார்த்தும் எழுந்து போகவில்லை. இதையும் தாங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் சுட்டுக் குறி தவறியதாகச் சங்கம் சொல்லக்கூடும். என்னிடம் இருக்கும் பிஸ்டலைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சங்கம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. அதைத் தங்களுக்கும் தெரிவிக்கிறேன். இருபத்தொன்பது குண்டு சுட்டேன். இருபத்தொன்பதும் அட்டையில் இருக்கின்றன. பத்தொன்பது வருடத்தில் எந்தத் துப்பாக்கியிலும் நான் அட்டையைத் தவறவிட்டதில்லை. இந்தத் துப்பாக்கியில் தவறவிடவும் முடியாது. அவ்வளவு நல்ல துப்பாக்கி. அட்டையில் துளை இல்லையென்றால் நான் சுடவில்லை என்று அர்த்தம்.

இதனால் என் லைசென்சு போகும் என்று சொல்கிறார்கள். பிஸ்டலை எந்தத் தேதியில் எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்கள் தெரிவித்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஏனோக்கைப் பெங்களூருக்கு அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தசரதன், டர்னர்.'

படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்துக்குப் பசை தடவி, கட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி ஒட்டினார். சைக்கிளில் ஆண்டர்சன்பேட்டை தபால் ஆபீசுக்குப் போனபோது மணி பத்து. வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு பேர்.

"ரிஜிஸ்டரா?" என்றார் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்.

"ஆமா. கெடச்சதுக்குக் கையெழுத்து வாங்கற அட்டையும் வெச்சிடுங்க. திங்கக்கெழம போயிடுமா?"

"கோலார்தானே. போயிடும்."

அவர் உறையைத் தராசில் போட்டு எடுத்தார், முத்திரை குத்தினார், பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே சாக்குக்குள் எறிந்தார்.